பார்த் கேட்காமல் விட்ட தேயிலை

பிரெஞ்சு இலக்கியச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1950களின் நடுப்பகுதியில் எழுதிய சிறு கட்டுரைகளில் ஒன்று, பிரெஞ்சு மக்கள் தங்கள் திராட்சை மதுவைக் கொண்டாடும் விதத்தைப் பற்றியது. ஒல்லாந்தருக்குப் பசுவின் பாலும் பிரித்தானிய அரச குடும்பத்துக்குச் சடங்குபோல் பருகப்படும் தேநீரும் எத்தகையனவோ, அத்தகைய குலக்குறிப் பானமாகவே பிரெஞ்சு மக்களிடையே மது விளங்குகிறது என்று அவர் அதில் எழுதுகிறார். தேநீர் அந்த ஒரு தொடரில் வந்து போய்விடுகிறது. அதன் பிறகு, மது குளிர்காலத்தில் சூடும் கோடையில் குளிர்ச்சியும் தருவதாக நம்பப்படுவதையும், குடிக்கத் தெரிந்திருப்பதே ஒருவனை நல்ல பிரெஞ்சுக் குடிமகனாக்குவதையும் ரசனையோடு சொல்லிக்கொண்டே போகும் கட்டுரை, முடியும் தறுவாயில் அல்ஜீரியாவின் பக்கம் திரும்புகிறது. அந்த நாட்டு முஸ்லிம் மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்திலேயே, அவர்களுக்கு உண்ண ரொட்டிகூட இல்லாத நிலையில், அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லாத திராட்சையைப் பெருங்குடியேற்றக்காரர்கள் பயிரிட வைக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டு மதுவின் இனிமையைப் பற்றி மட்டும் பேச முடியாது என்கிறார் பார்த். அல்ஜீரிய விடுதலைப் போர் 1954 நவம்பரில் தொடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், அன்றைய பாரிஸில் அந்தச் சில வரிகளை எழுதுவதற்கு எத்தகைய துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பது விளங்கும்.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கட்டுரை ஒரு மனநிறைவையும் ஒரு குறையையும் ஒருங்கே தருகிறது. மதுக்கிண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தைப் பார்க்க முடிந்த கண்ணுக்கு, அதே கட்டுரையில் வரும் தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் இருக்கும் தோட்டம் தென்படவில்லை. அதை நான் பார்த்தின் மீதான குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஒரு பிரெஞ்சுக்காரர் தம் நாட்டின் கோப்பையைப் பற்றிக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். எங்கள் கோப்பையைப் பற்றிய கேள்வியை நாங்கள்தான் கேட்க வேண்டும். அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவரது சிந்தனை இங்கே உயிரோடிருப்பதற்குக் காரணம், அதை எங்கள் மண்ணில் தொடர்ந்து செய்ய வேண்டிய வேலையாக அவர் விட்டுச் சென்றிருப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பார்த் 1915ஆம் ஆண்டு செர்பூரில் பிறந்தார். கடற்படையில் பணியாற்றிய தந்தை அடுத்த ஆண்டே வடகடலில் நடந்த மோதலொன்றில் இறந்துவிட, தாயின் வளர்ப்பில் பயோன் நகரிலும் பின்னர் பாரிஸிலும் வளர்ந்தார். காசநோய் அவரது இளமையின் பெரும்பகுதியைச் சிகிச்சை நிலையங்களிலேயே கழிய வைத்தது. முறையான பல்கலைக்கழக ஏணியில் ஏற முடியாதுபோன அவர், 1977இல் பிரான்சின் மிக உயர்ந்த கல்விப்பீடமான கொலேஜ் து பிரான்ஸில், குறிகள் எவ்வாறு பொருள் தருகின்றன என்று ஆராயும் குறியியலில், இலக்கியக் குறியியல் பேராசிரியராகத் தொடக்கவுரை நிகழ்த்தினார். 1980 பெப்ரவரியில் அந்தக் கல்விக்கூடத்துக்கு அருகில் வீதியைக் கடக்கும்போது வாகனம் மோதிக் காயமடைந்து, அடுத்த மாதம் காலமானார்.

தமிழில் அவரது பெயர் பரவலாக அடிபடத் தொடங்கியது 1980களில்தான். 1982இல் வெளிவந்த தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ அமைப்பியல் சிந்தனைகளைத் தமிழ்ச் சிற்றிதழ் உலகின் விவாதத்துக்குக் கொண்டுவந்தது. இலங்கையில் அப்போது கைலாசபதியும் சிவத்தம்பியும் நிலைநிறுத்திய மார்க்சிய விமர்சன மரபே ஓங்கியிருந்தது. ஓர் இலக்கியப் படைப்பைக் கையில் எடுத்தால் அது எந்தச் சமூக உறவுகளிலிருந்து பிறந்தது என்று கேட்பதே எங்களுக்குப் பழக்கப்பட்ட முதல் கேள்வி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, நிழற்பிரதி எடுக்கப்பட்டு எழுத்துகள் பாதி அழிந்துபோன ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக நான் பார்த்தை முதலில் வாசித்தபோது, அவரை அந்த மரபுக்கு எதிரானவராக நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை. சமூக உறவுகள் ஒரு சோப்பு விளம்பரத்துக்குள்ளும் ஒரு மல்யுத்தப் போட்டிக்குள்ளும் எப்படி ஒளிந்துகொள்கின்றன என்பதை அருகில் வைத்துக் காட்டியவர் என்றுதான் அவரை நான் விளங்கிக்கொண்டேன். இன்றும் அந்த எண்ணம் மாறவில்லை.

அந்தக் கட்டுரைகள் 1957இல் ‘மித்தோலோஜி’ என்ற நூலாக வந்தன. அதன் முடிவில் உள்ள நீண்ட கட்டுரையில் பார்த் எடுத்துக்காட்டும் படத்தை, அவரைப் பற்றிக் கேள்விப்பட்ட எவரும் அறிந்திருப்பார்கள். முடிதிருத்தும் நிலையத்தில் காத்திருக்கும் அவரிடம் ‘பாரி மாட்ச்’ சஞ்சிகையின் ஓர் இதழ் நீட்டப்படுகிறது. அதன் அட்டையில் பிரெஞ்சுச் சீருடை அணிந்த கறுப்பின இளைஞன் ஒருவன், கண்களை உயர்த்தி, தேசியக் கொடியைப் பார்ப்பதுபோல் வணக்கம் செலுத்திக்கொண்டிருக்கிறான். படம் காட்டுவது அவ்வளவுதான். ஆனால் அந்த வணக்கத்தின் மேல் இன்னொரு பொருள் ஏறி அமர்ந்துகொள்கிறது: பிரான்ஸ் ஒரு பெரும் பேரரசு, நிறவேறுபாடு இன்றி அதன் பிள்ளைகள் அனைவரும் அதற்கு விசுவாசமாக ஊழியம் செய்கிறார்கள், குடியேற்றவாதத்தைக் குறைசொல்வோருக்கு இந்தச் சிறுவனின் பற்றைவிடச் சிறந்த பதில் வேறில்லை. யாரும் அதை வாய்திறந்து சொல்லவில்லை என்பதாலேயே அதை மறுத்துப் பேசுவது கடினமாகிறது. வரலாற்றில் சிலர் செய்தவற்றின் விளைவாக உண்டான ஒரு நிலைமை, மலையும் மழையும்போல இயற்கையாகவே அமைந்த ஒன்றாகத் தோற்றமளிக்கத் தொடங்குகிறது. இந்த மாற்றத்தைத்தான் பார்த் தொன்மம் என்று அழைத்தார்.

இதை உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு விளக்குவதற்கு எனக்குப் பாரிஸ் சஞ்சிகை தேவைப்படுவதில்லை. வெளிநாட்டுச் சந்தைக்கென்று அச்சிடப்பட்ட தேயிலைத் தகரப்பெட்டி ஒன்று என் மேசையில் இருக்கிறது. பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற மலைச்சரிவு, பின்னால் மெல்லிய பனிமூட்டம், முன்னால் இளஞ்சிவப்புச் சேலை உடுத்த ஒரு பெண். முதுகில் கூடை இருக்கிறது. வலது கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒரு கொழுந்தைப் பிடித்துக்கொண்டு, படமெடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். பெட்டியின் பின்புறத்தில் தோட்டத்தின் உயரமும், காலைப் பனியும், கையால் பறிக்கப்பட்ட இலையின் மென்மையும் எழுதப்பட்டிருக்கின்றன. சிரித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார், அவள் பேசும் மொழி எது, வரிசை வீடுகளான லயத்தில் எந்தக் காம்பராவில், அதாவது எந்த அறையில், அவள் குடியிருக்கிறாள் என்பவற்றுக்கு அங்கே இடமில்லை. செடி எப்படி அந்த மலையில் முளைத்ததோ அப்படியே அவளும் அங்கே முளைத்தவள்போல் நிற்கிறாள்.

அந்தப் பெட்டியை என் அம்மாவிடம் ஒருநாள் காட்டினேன். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் மலையில் கொழுந்தெடுத்தவர். சற்று நேரம் பார்த்துவிட்டு, “கயிறு தலையில இல்லையே, தோள்ல கெடக்கு. கூட நெறஞ்சா இழுத்துக்கிட்டுப் போயிரும்,” என்றார். பிறகு, இடுப்பில் நனையாமல் காக்கும் படங்குத் துணி கட்டாமல் பனி நனைந்த செடிக்குள் எவளாவது சேலையோடு இறங்குவாளா என்று கேட்டார். செடியின் மட்டம் பார்க்க வைக்கும் மட்டக்கம்பு எங்கே என்று தேடினார். மற்றக் கை ஏன் சும்மா தொங்குகிறது, இரண்டு கையும் மாறிமாறி ஓடினால்தானே கூடை நிறையும் என்றார். செடியின் உயரத்தைச் சுட்டிக்காட்டி, இது கவ்வாத்து வெட்ட நாள் கடந்த மலை, இதில் கொழுந்தைவிட முற்றல்தான் அதிகம் வரும் என்றும் சொன்னார். கடைசியில், “இப்படி ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து எடுத்தா இந்தப் புள்ளைக்குப் பேர் விழாது தம்பி,” என்று கவலையோடு சொல்லிப் பெட்டியைத் திருப்பித் தந்தார். தோட்டத்தில் பேர் என்பது ஒரு முழுநாள் வேலைக்கான பதிவு; குறித்த அளவு கொழுந்து தராவிட்டால் அது அரைப்பேராகக் குறைந்துவிடும்.

பார்த் ஒரு விளம்பரப் படத்தை எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் செய்த வாசிப்பை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் என் தாயார் ஐந்து நிமிடத்தில் செய்து முடித்தார் என்று நான் இதைச் சொல்ல வரவில்லை; அது இருவருக்குமே நியாயமாகாது. அம்மா கண்டுபிடித்தவை அந்தப் படத்தின் பொய்கள். பார்த் தேடச் சொல்வது பொய்யை அன்று. படத்திலுள்ள பெண் உண்மையான தொழிலாளியாகவே இருந்து, படங்கும் மட்டக்கம்பும் அதனதன் இடத்தில் சரியாக அமைந்திருந்தாலும், அந்தப் படம் செய்யும் வேலை மாறாது. கறுப்பின இளைஞன் உண்மையிலேயே வணக்கம் செலுத்தியிருக்கலாம். இந்தப் பெண்ணும் அந்தக் கணத்தில் உண்மையிலேயே சிரித்திருக்கலாம். அந்தச் சிரிப்பைக் கொண்டு எதைப் பேசாமல் கடந்துபோகிறார்கள் என்பதே கேள்வி. ஆயினும் அம்மாவின் வாசிப்பில் பார்த்திடம் இல்லாத ஒன்று உண்டு. அவர் அந்தப் பெண்ணைத் தன்னோடு ஒரே நிரையில் நின்று வேலை செய்பவளாகப் பார்த்து, அவளது நாட்சம்பளத்துக்காகக் கவலைப்பட்டார்.

அதே பெட்டியின் பக்கவாட்டில், விற்பனையில் ஒரு பகுதி தொழிலாளர்களின் பிள்ளைகளின் நலனுக்குச் செல்கிறது என்று சிறிய எழுத்தில் இரண்டு வரிகள் உள்ளன. தடுப்பூசி என்று பார்த் பெயரிட்ட உத்தி இதுதான். ஓர் அமைப்பின் சிறு குறையை முன்வந்து ஒப்புக்கொண்டுவிட்டால், அதன் பெருங்குறையைப் பற்றிய பேச்சு எழாமலே தடுத்துவிடலாம் என்று அவர் எழுதினார். அந்த இரு வரிகளைப் படித்துவிட்டு மனம் ஆறுதலடைந்து தேநீர் ஊற்றிக்கொள்ளும் தொலைதூர மனிதர் கெட்டவர் அல்லர். அவருக்குக் கேள்வி எழுவதற்கு முன்பே பதில் கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

பார்த்தின் சிந்தனைகளில் அதிகம் புகழ்பெற்றதும் அதிகம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதும் ‘ஆசிரியனின் மரணம்’ என்ற சில பக்கக் கட்டுரைதான். 1967இல் முதலில் ஆங்கிலத்திலும் அடுத்த ஆண்டு பிரெஞ்சிலும் அது வெளியாயிற்று. பல்சாக்கின் ‘சரசீன்’ கதையில் வரும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, இதைப் பேசுவது யார், கதையின் நாயகனா, பல்சாக் என்ற மனிதரா, பல்சாக் என்ற எழுத்தாளரா, காலத்தின் பொது அறிவா என்று கேட்டு, எழுத்து என்பது எந்த ஒரு குரலுக்கும் சொந்தமாகாத வெளி என்ற முடிவுக்கு வருகிறார். ஒரு பிரதியின், அதாவது எழுதப்பட்ட ஒன்றின், பொருளைத் தீர்மானிக்கும் கடவுளாக ஆசிரியனை வைத்திருக்கும் வரை வாசகன் பிறக்க முடியாது என்பது அதன் சாரம். இதை ஏற்பதில் தமிழ் வாசகருக்குப் பெரிய அதிர்ச்சி இருக்க வேண்டியதில்லை. குறுந்தொகையில் ‘செம்புலப் பெயல்நீர்’ என்று பாடியவரின் இயற்பெயர் தெரியாதபோது, செம்புலப்பெயல்நீரார் என்று அவரது வரியையே அவருக்குப் பெயராகச் சூட்டி, பிரதியிலிருந்து ஆசிரியரைப் பிறப்பித்தவர்கள் எங்கள் தொகுப்பாளர்கள். அணிலாடு முன்றிலாரும் ஓரேருழவனாரும் அப்படிப் பிறந்தவர்களே. அகத்திணையில் தலைமக்களைப் பெயர் சுட்டிப் பாடக்கூடாது என்று தொல்காப்பியமும் விதித்திருக்கிறது. அகப்பாட்டின் காதலியை எந்த ஊர்ப் பெண்ணாகவும் நினைத்துப் படிக்கும் உரிமை எங்களுக்கு அன்றே இருந்தது.

ஆனால் மலையகத்தில் அந்தக் கட்டுரையை அப்படியே பொருத்த முற்படும்போது எனக்கு ஒரு தடை ஏற்படுகிறது. தேயிலைக்கு முந்தைய கோப்பிக் காலத்திலிருந்து வந்த நாட்டார் பாடல்கள் எங்கள் இலக்கியத்தின் அடித்தளம். ஊரையும் ஒற்றைப் பனையையும் விட்டு வந்த துயரமும், கங்காணியின் ஏமாற்றும், கடலும் காடும் கடந்த நடையும் அவற்றில் இருக்கின்றன. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அலைந்து திரிந்து சேகரித்திராவிட்டால் அவற்றில் பெரும்பகுதி இன்று நமக்குக் கிடைத்திருக்காது. அந்தப் பாடல்களைக் கட்டியவர்களுக்குப் பெயரில்லை. கோட்பாட்டை மட்டும் பார்த்தால் இதைவிடத் தூய்மையான ஆசிரியனற்ற பிரதி கிடைப்பது அரிது. எனினும் பல்சாக்கின் பெயரை அகற்றுவதும், ஒருபோதும் எழுதப்படாத ஒரு பெண்ணின் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பதும் ஒரே செயலாகிவிட முடியாது. ஆசிரியன் என்ற அதிகாரம் ஒருவருக்கு இருந்த பிறகுதான் அதை அவரிடமிருந்து எடுக்க முடியும். தன் பெயரைத் தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் மட்டும், அதுவும் துரையின் கணக்குக்காக எழுதப்பட்ட பிழையான எழுத்துகளில் மட்டும் கண்டவளுக்கு, அவளது மரணத்தை ஒரு விடுதலையாக அறிவிப்பது எனக்கு ஒப்பவில்லை. பார்த்தே பிற்காலத்தில் தம் கூற்றைத் தளர்த்திக்கொண்டார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1971இல் வந்த ‘சாத், ஃபூரியே, லொயோலா’ நூலின் முன்னுரையில், ஆசிரியன் அதிகாரியாக அல்லாமல் சிதறிய சில விவரங்களாக, விருப்பமான ஒரு மனிதனாக வாசகனிடம் திரும்பி வருவதை அவர் வரவேற்கிறார். எங்கள் பாட்டிமார் அப்படித் திரும்பி வந்தால் போதும்.

அந்தக் கட்டுரையை வேறோர் இடத்தில் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இலங்கைத் தேயிலைக்கும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இங்கிருந்து லண்டனைச் சென்றடைந்தது. 1892இல் அவர் இறந்தபோது கண்டி மஹையாவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். டெய்லர் உழைப்பாளி, தோட்டத்தை விட்டு அதிகம் விலகாதவர், இலையைத் தம் பங்களாத் திண்ணையிலேயே உருட்டிப் பரிசோதித்தவர். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் தேயிலையின் தந்தை என்று ஒரே பெயரை வைத்து ஒரு பெரும் பிரதிக்குக் கையொப்பமிட்டபின், அதை நெய்த ஆயிரக்கணக்கான கைகள் அந்தப் பக்கத்திலிருந்து மறைந்துவிடுகின்றன. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தால் காட்டை எரித்துப் பயிரிடும் தங்கள் சேனைக் காடுகளை இழந்த கண்டிச் சிங்களக் கிராமத்தவர்களும் மறைந்துவிடுகிறார்கள். பார்த் சொன்ன மரணம் இந்த ஆசிரியருக்கு மிகப் பொருத்தமாக இருக்கும்.

இரண்டு ஆண்டுநிறைவுகளை அருகருகே வைத்தால் இது இன்னும் தெளிவாகும். இலங்கைத் தேயிலையின் 150 ஆண்டுகள் 2017இல் கொண்டாடப்பட்டன. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டுகள் 2023இல் நினைவுகூரப்பட்டன. அவ்வாண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியே ஒரு நடைபயணம் நடந்தது. முதலாவது தேயிலைச் செடிக்குழி வெட்டப்படுவதற்கு 40 ஆண்டுகளுக்கு மேல் முன்னரே, கோப்பிக்காக எங்கள் மக்கள் இந்த மலைகளுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் தகரப்பெட்டியின் படத்தில் தேயிலை முதலில் இருக்கிறது, அதற்குப் பின்னிணைப்பாகவே அந்தப் பெண் வருகிறாள். இந்த வரிசை மாற்றம் வெறும் தகரப்பெட்டியோடு நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எங்கள் மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாக்கப்பட்டபோதும், இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964இன் சிறீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எண்ணிக்கை பேசித் தீர்மானித்தபோதும், மலைக்குச் சொந்தம் தேயிலை, தேயிலைக்குக் கூலி இவர்கள் என்ற அந்தத் தொன்மமே அடியில் வேலை செய்தது. இயற்கைக் காட்சியின் ஒரு பகுதியாக மட்டும் கருதப்படும் ஒருவரை வேறிடத்துக்கு மாற்றிவைப்பது எவருக்கும் பெரிய விடயமாகத் தெரிவதில்லை.

இவ்வளவும் வெளியாரின் தொன்மங்கள். பார்த்தை நான் இன்னும் நெருக்கமாக மதிப்பதற்கான காரணம் வேறு. 1971இல் அவர் தம்முடைய பழைய முறையைத் தாமே திரும்பிப் பார்த்து, தொன்மங்களின் முகமூடியைக் கிழிப்பது இப்போது மாணவர்கள் எல்லாருக்கும் கைவந்த வாய்ப்பாடாகிவிட்டது, அந்தக் கண்டனமே இன்னொரு தொன்மமாகிவிட்டது என்று எழுதினார். தாம் தொடங்கிய பழக்கம் இறுகிப்போவதைக் கண்டு அதிலிருந்து விலகத் துணிந்த அறிஞர்கள் அதிகம் இல்லை. இதை நாங்கள் எங்களுக்கே பொருத்திப் பார்க்க வேண்டும். மலையகம் பற்றி எழுத உட்காரும்போது அட்டைக்கடியும், ஒழுகும் லயத்துக் கூரையும், இரத்தம் சாயமாகும் தேநீரும் பேனாவைத் தேடித் தாமாகவே வந்துவிடுகின்றன. அவை அனைத்தும் உண்மை. என் வீட்டிலும் அவை இருந்தன. ஆனால் ஒவ்வொரு கவியரங்கிலும் மே தினக் கூட்டத்திலும் அதே அடுக்கில் அவை வந்துகொண்டிருக்கும்போது, சிரிக்கும் பெண்ணுக்குப் பதிலாக அழும் பெண் வந்து நிற்கிறாளே தவிர, அவள் இன்னும் மலைக்காட்சியின் ஒரு பகுதியாகவே இருக்கிறாள். அழுவதும் அவளுடைய இயற்கையாகிவிடுகிறது. அட்டன் பேருந்து நிலையத்தில் ஒரு மாலை நேரம் நின்றால், கொழும்பில் கடைவேலைக்குப் போய்த் திரும்பும் இளைஞர்களும், தாதியர் பயிற்சிக்குப் போகும் பெண்களும், மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வந்த தாய்மாரும் கடந்து போவதைப் பார்க்கலாம். அவர்களுடைய மலையகத்தை எழுதுவதற்கு எங்கள் கையில் இருக்கும் அழுகையின் சொற்கள் போதவில்லை. மலையகத்தின் இளம் படைப்பாளிகள் சிலர் இந்த எல்லையைக் கடந்துகொண்டிருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது.

பார்த்தின் கடைசி நூல் புகைப்படம் பற்றியது. 1977 ஒக்டோபரில் அவருடைய தாய் இறந்தார். அவரது படங்களைத் துழாவிக்கொண்டிருந்தபோது, 1898இல் ஐந்து வயதுச் சிறுமியாகத் தன் தமையனோடு கண்ணாடிக் கூரையிட்ட தோட்ட மண்டபத்தில் அவர் நிற்கும் ஒரு பழைய படத்தில் பார்த் தம் தாயை முழுமையாகக் கண்டடைந்தார். பல புகைப்படங்களை அச்சிட்டிருக்கும் அந்த நூலில் இந்த ஒரு படம் மட்டும் இல்லை. அது தனக்கு மட்டுமே உரியது, பிறருக்கு அது ஏதோ ஒரு பழைய படம் என்று சொல்லி அதைக் காட்ட மறுத்துவிட்டார். ஒரு படத்தில் நாம் கற்றறிந்த அறிவால் புரிந்துகொள்ளும் பொதுவான அக்கறை ஒன்று, எதிர்பாராமல் வந்து குத்தும் சிறு விவரம் மற்றொன்று என்று அவர் செய்த பாகுபாடு உலகெங்கும் புகைப்படத்தைப் பற்றிப் பேசுவோரின் பேச்சில் கலந்துவிட்டது.

என் அப்பாயியின் ஒரே படம், பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்காக நகரத்து ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. தோட்டத்து வீடுகள் பலவற்றில் முன்னோரின் முகம் எஞ்சியிருப்பது இத்தகைய விண்ணப்பப் படங்களில்தான். அரசு கேட்டிராவிட்டால் அவை எடுக்கப்பட்டே இருக்காது. அந்தப் படத்தின் வரலாறு எனக்குத் தெரியும், அதன் பின்னாலுள்ள சட்டமும் தெரியும். என்னைக் குத்துவது அவை அல்ல. படத்துக்காகத் தலைத்துண்டை எடுத்துவிட்டு எண்ணெய் தடவி வாரியிருக்கும் தலையின் உச்சியில், கூடைக் கயிறு அழுந்திக்கொண்டே இருந்த இடத்தில், முடி தேய்ந்து தோல் தெரியும் ஒரு பட்டை இருக்கிறது. தேயிலைப் பெட்டியின் பெண்ணுக்குக் கயிறு தோளில் இருந்ததை அம்மா முதலில் கவனித்ததன் காரணம், இந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கிற்று.

ஒரு படத்தைக் காட்டுவதா மறைப்பதா என்று முடிவெடுக்கும் உரிமை பார்த்துக்கு இருந்தது. பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஜூலியா மார்கரெட் கெமரனை நினைக்கும்போதெல்லாம் இந்த உரிமையைப் பற்றி யோசிக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞர்களில் ஒருவரான அவர் 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இறந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கெமரன், இலங்கையின் 1833ஆம் ஆண்டு ஆட்சிச் சீர்திருத்தங்களுக்கு அடிப்படையான ஆணைக்குழு அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவர். கோப்பித் தோட்டச் சொந்தக்காரர். இங்கிலாந்தில் கவிஞர்களையும் அறிவியலாளர்களையும் பெயர் சொல்லிப் படமெடுத்த அந்தப் பெண்மணி, இங்கே தோட்டத் தொழிலாளர்களையும் உள்ளூர்ப் பெண்களையும் நிறுத்தி எடுத்த படங்களில் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றிலுள்ள முகங்களின் கம்பீரம் என்னை வியக்க வைக்கிறது. கெமரன் அவர்களைக் காட்சிப்பொருளாக மட்டும் பார்க்கவில்லை என்பதற்கு அந்தக் கம்பீரமே சாட்சி. ஆனாலும் டெனிசனுக்கும் டார்வினுக்கும் கிடைத்த பெயர்க்குறிப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

படத்துக்குக் கீழே எழுதப்படும் வரி, படத்தின் பல பொருள்களில் ஒன்றைப் பிடித்து நங்கூரமிட்டு நிறுத்திவிடுகிறது என்று பார்த் 1964இல், பாஸ்தா விளம்பரம் ஒன்றை ஆராய்ந்தபோது எழுதினார். அந்தக் கருத்தை வைத்துக்கொண்டு என் மாணவர்கள் இப்போது ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். வீட்டிலுள்ள பழைய விண்ணப்பப் படங்களையும், தேயிலைப் பெட்டிகள், நாட்காட்டிகள், சுற்றுலாக் கையேடுகளில் வரும் தோட்டப் படங்களையும் சேர்த்து, ஒவ்வொன்றையும் தோட்டத்து மூத்தவர்களிடம் காட்டி, அவர்கள் சொல்வதை அவர்களுடைய பேச்சிலேயே எழுதிக் கீழே ஒட்டுகிறார்கள். சொன்னவர் விரும்பினால் அவர் பெயரும் சேர்கிறது. தன் படத்தைத் தர மறுப்பவரிடம் மீண்டும் கேட்பதில்லை என்ற விதியை மாணவர்களே வகுத்துக்கொண்டார்கள். இதுவரை எழுதப்பட்ட வரிகளில் பலவும் கூடை, கயிறு, செடி, பேர் ஆகியவற்றைப் பற்றியவை. ஒரு மூதாட்டி மட்டும் சுற்றுலாக் கையேட்டில் இருந்த மலையைப் பார்த்து, இது எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் மலை, அதில் யார் யார் எந்த நிரையில் நின்று கொழுந்தெடுத்தார்கள் என்று பெயர்பெயராகச் சொல்லத் தொடங்கிவிட்டார். எழுதிக்கொண்டிருந்த மாணவிக்கு மட்டையில் இடம் போதாமல், இன்னொரு தாளை எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று.